ஆறு இரண்டு முறை ஏறிய படம்

அன்று பிற்பகலிலேயே வானம் கறுத்து, பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் அலுவலகத்தில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஆற்றுமட்டத்தை அளந்து குடியிருப்புகளுக்குத் தகவல் அனுப்பும் சிறிய கம்பெனி. எனக்குக் கணிப்பொறி வேலை. பக்கத்து மேசை அக்காவுக்கு வீடு சுங்கை பினாங்கில், ஆற்றோரம். அரைநாள் லீவு போட்டுவிட்டு மதியம்தான் வந்திருந்தார்.

முதல்நாள் மின்னலில் அவர் வீட்டுப் பக்கமிருந்த இரண்டு அளவுக்கருவிகள் செத்துப்போயின. அப்படி நேர்ந்தால், ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கருவியின் எண்களை எடுத்து அவற்றின் வெற்று வரிசைகளை நிரப்பும்படி, வேலையை விட்டுப் போன ஒருவர் ஆர் என்ற புள்ளியியல் மொழியில் ஒரு கணினி நிரல் எழுதி வைத்திருந்தார். அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மேலாளர் திரையில் அது வரைந்த கோட்டுப்படத்தைப் பார்த்தார். “பதினோரு மணிக்கு ஏறி, தானா இறங்கியிருக்கு. இப்பவும் இறங்கிடும்லா. பயப்பட வேணாம்னு மெசேஜ் போட்டுரு.”

அக்கா எழுந்து வந்தார். “பதினோரு மணிக்கு நான் வீட்லதான் இருந்தேன் தம்பி. ஆத்துத் தண்ணி அடிமட்டத்துலதான் கிடந்துச்சு. ஏறவே இல்லையே.”

நிரலைத் திறந்தேன். அட்டவணையில் ஒரு கருவிக்கு ஒரு வரிசை. குறுக்கே காலை ஏழு முதல் மணி நேரங்கள். நிரப்பச் சொன்னால் ஆர் ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. மேலிருந்து கீழாக இறங்கும். முதல் எண் ஒரு கருவிக்கு, அடுத்த எண் மற்றதற்கு, மூன்றாவது மறுபடி முதல் கருவிக்கு. ஒரு வரிசைக்கான எண்களே இருப்பதால், பாதி அட்டவணையிலேயே அவை தீர்ந்துவிடும். உடனே தொடக்கத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. ஒரே ஏற்றம் இரண்டாகத் தெரிந்தது அதனால்தான்.

ஒவ்வோர் எண்ணையும் இரண்டிரண்டாக அடுக்கிக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். காலை முழுக்கத் தட்டையாகக் கிடந்த கோடு மதியத்துக்குப் பின் எழும்பியது. எங்கும் இறங்கவில்லை.

அக்கா அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். கணவர் நைட் ஷிப்ட் முடித்து, கீழ்வீட்டில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“எடுக்க மாட்டேங்கிறாரு.”

மாடி வீட்டுக்காரரை அழைத்தார். “அண்ணே, எங்க வீட்டுக் கதவத் தட்டுங்க. திறக்கலன்னா உடைச்சிருங்க.”

மேலாளர், எல்லாரும் மேட்டுக்குப் போகும்படி தகவலை மாற்றி அனுப்பினார். நாங்கள் காத்திருந்தோம். மழைச் சத்தத்தில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை; அக்கா மறுகாதைப் பொத்திக்கொண்டு பேசியதைத்தான் பார்த்தேன்.

“மாடிக்கு ஏத்திட்டாங்களாம்,” என்றார். “எழுப்பும்போது மெத்தை நனைஞ்சிருந்துச்சாம்.”

மறுவாரம், அந்த நிரல் முன்பு வரைந்த படங்களைத் தேடி எடுத்தேன். இரண்டு கருவிகள் ஒன்றாகச் செத்த நாட்கள் அடிக்கடி வந்திருக்கின்றன; அவற்றிலும் இதே இரட்டை ஏற்றம். அவற்றில் சில நாட்களில், ஆறு இறங்கிவிடும் என்று தகவலும் போயிருக்கிறது. அதை நம்பி யார் யார் வீட்டிலேயே இருந்தார்களோ, எங்களிடம் யாரும் வந்து சொன்னதில்லை.