அப்பாவின் பூனைக்கண்

பெங்களூரில், தொம்மலூர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரன் நேற்று கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி விரல் நுனியில் வைத்துக் காட்டினான். மழைத்துளியின் தோல் மாதிரி இருந்தது. "இதே மாதிரி ஒன்னு நம்ம கண்ணுலயே இருக்கு, கார்னியா. ரத்தமே ஓடாத இடம். காத்துலேருந்து நேரா மூச்சு வாங்கிக்கும்" என்று ஆரம்பித்தேன். "மச்சி, லஞ்ச் டைம்" என்றான். என் பிழைப்பே இப்படித்தான். செத்தபின் நகம் வளர்வதில்லை, சுற்றியுள்ள தோல் வற்றி உள்வாங்குவதால் வளர்ந்ததுபோலத் தெரிகிறது என்று ஒருவரின் பிறந்தநாளில் சொல்லிவைத்தேன். அதன்பிறகு கேக் வெட்ட யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தது எட்டு வயதில், நீலசந்திராவில், எங்கள் ஒற்றை அறை வீட்டில். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய அப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் விளக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அப்பாவுக்குப் பூனைக்கண். வெயிலில் தேன் நிறம், நிழலில் பாசி நிறம். உடம்பு விறைக்குமுன் தாடையைத் துணியால் கட்டினார்கள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். அதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. எங்கள் வீட்டில் மட்டும் அம்மா ஃபேனை நிறுத்தினாள். மூடிய இமைகள் மேல் ஈரப்பஞ்சை வைத்தாள். கண் காயக்கூடாதாம், சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டுமாம். வியர்த்து ஊற்ற அழுதுகொண்டிருந்த அத்தை துள்ளி எழுந்தாள்.

"கண்ணு இல்லாம எந்தம்பி எப்படிடி வழி தெரிஞ்சு போவான்?"

"போறவருக்கு எதுக்கு அண்ணி? இருக்கறவங்களுக்குக் குடுத்துடுன்னு அவரே சொன்னாரு."

கண் வங்கியிலிருந்து எடுக்க வந்தவர்கள், இரண்டு பேருக்குப் பார்வை வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாய்க்கரிசி போடும்போது எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கண்கள் இந்த ஊருக்குள் எங்கேயோ திறக்கப்போகின்றன என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் அக்காவுக்கும் எனக்கும் அதே வேலை. பஸ் ஏறினால் முகம் முகமாகப் பார்ப்போம். இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒன்று, அதனால் ஒரு கண் கறுப்பு, ஒரு கண் பூனைக்கண், அப்படி ஒரு ஆள்தான் வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஒருநாள் சிவாஜிநகர் பஸ்ஸில் இரண்டு கண்ணும் தேன் நிறமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நேரே போய் நின்றேன்.

"அங்கிள், இந்தக் கண்ணு உங்களுக்கு யார் குடுத்தது?"

"ஏனப்பா?" என்று கன்னடத்தில் தொடங்கியவர், சிரித்துக்கொண்டே தமிழுக்கு வந்தார். "எங்கம்மா."

"அவங்களும் செத்துட்டாங்களா?"

சிரிப்பு நின்றது. "ஆமா... உனக்கு யார்ரா சொன்னது?"

அக்கா என் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள். பஸ் நகர்ந்தது. ஜன்னலில் அந்தக் கண்கள் எங்களையே பார்த்தபடி போயின.

பி.யூ.சி. படிக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. மாற்றிவைப்பது கண்ணுக்கு முன்னாலிருக்கும் கார்னியாவை, அந்தக் கண்ணாடித் தோலை மட்டும்தான். அதற்கு நிறமே கிடையாது. அப்பாவின் தேனும் பாசியும் யாருக்கும் போகவில்லை. மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ பூனைக்கண்ணா இருக்காதா?"

"இருக்காதும்மா. அவங்க கண்ணு என்ன கலரோ அதேதான்."

வாசலில் போகிறவர்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்போ யார் வேணா இருக்கலாம்ல?"

அம்மா சண்டைக்காரி. தண்ணீர் லாரிக்காரர், நிறுத்தத்தில் நிற்காத டிரைவர், குப்பையை எங்கள் பக்கம் தள்ளும் எதிர்வீட்டுக்காரி, ஒருவரையும் விட்டதில்லை. அவள் போடும் சத்தத்தில் சம்பந்தமில்லாத ஆட்டோவெல்லாம் நிற்கும். நான் கண் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து, சண்டைக்கு வாயைத் திறப்பாள், எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்ப்பாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுவாள். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அவளைச் சாதுவான அம்மா என்கிறார்கள்.

எதிர்வீட்டுக்காரி மட்டும் போன வாரம் என்னை ஓரமாக நிறுத்திக் கேட்டாள்.

"உங்கம்மாவுக்கு என்னடா ஆச்சு? வருஷக்கணக்கா குப்பையை வேணும்னே உங்க பக்கமாத் தள்ளிப் பாக்கறேன். ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்குறாளே."