பாய்மரத்துக்கு மேலே ஓடிய கம்பி

இரண்டு வருடங்களுக்கு முன், வடமராட்சியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் தேரன்று காலையில் நடந்தது இது.

என் கணவருக்கு ஒரு சிறிய பாய்வள்ளம் இருக்கிறது. இரண்டு பேர் ஏறினால் நிறைந்துவிடும். அது முற்றத்துக்கு வந்த நாளிலிருந்து நான் உடுப்புக் காயப்போடும் கயிறுகூட மிஞ்சவில்லை. அன்று பின்னேரம் பாய்வள்ளப் போட்டி. வள்ளத்தை லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மிசினின் பெட்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஏற்றுமுன் பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கவைப்பதுதான் முறை. ஆனால் முதல்நாள் முழுக்க மினக்கெட்டு இழுத்துக் கட்டிய மரத்தைத் திரும்பக் கழற்ற அவருக்கு மனமில்லை. எங்கள் ஊரில் தேர் புறப்பட்டால், அதன் முடி கம்பிகளில் முட்டும் என்று கரண்டை நிறுத்திவிடுவார்கள். தேர் இருப்பிடத்துக்குத் திரும்பிய பிறகுதான் விடுவார்கள்.

“தேர் இன்னும் தெற்கு வீதியிலைதான் நிக்கும். கரண்ட் இல்லை. நீர் சும்மா பயப்பிடாதையும்” என்றார்.

நான் சாப்பாட்டுப் பையோடு சைக்கிளில் பின்னால் போனேன். முதல் சந்தியில், வீதிக்குக் குறுக்கே ஓடிய கம்பியில் அலுமினியப் பாய்மரத்தின் நுனி உரசியது. நான் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டேன். வள்ளத்துக்குள் நின்ற கணவர் இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்து, வள்ளத்தோடு ஒரு பக்கமாகச் சரித்துத் தாண்டவைத்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. பயந்ததற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது.

அடுத்த கம்பி வாசிகசாலைக்குப் பக்கத்தில். அதை நெருங்கும்போது, கொஞ்சம் பின்தங்கி வந்த எனக்கு ஒரு வீட்டு வளவிலிருந்து கிணற்று மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே மிதித்தேன். திடீரென்றுதான் உறைத்தது. மண்ணெண்ணெய் மிசின் என்றால் படபடக்கும். இது கரண்ட் மோட்டர்! தேர் எப்போது இருப்பிடத்துக்கு வந்ததோ, யார் கண்டார்கள்?

கத்தினேன். லாண்ட்மாஸ்டர் இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. கணவர் மறுபடி மரத்தை இறுக்கிப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். எப்படி மிதித்தேனோ தெரியாது. பெட்டியைத் தாண்டி முன்னால் போய், சைக்கிளோடு வீதிக்குக் குறுக்கே விழுந்தேன். சோறும் கறியும் தார் ரோட்டில் கொட்டின.

ஓட்டிவந்த அண்ணை பிரேக்கை அமத்திவிட்டு, “தங்கச்சி, உமக்கென்ன விசரே?” என்று கத்தினார்.

“மிசினை நிப்பாட்டுங்கோ அண்ணை! மோட்டர் ஓடுறது கேக்கேல்லையோ? கரண்ட் வந்திட்டுது!”

நிறுத்தினார். இப்போது மோட்டர் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மரத்தின் நுனிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. கணவர் மரத்திலிருந்து கைகளை மெதுவாக எடுத்தார். இறங்கி வந்து வீதியிலேயே குந்திவிட்டார்.

“முதல் கம்பியிலை முட்டினதெல்லே...” என்றார்.

பெட்டியைப் பின்னால் தள்ளி, மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்துக் கட்டினார்கள். அந்த வீட்டு அம்மா கேற்றடிக்கு வந்து, “விழுந்திட்டீரே பிள்ளை? தண்ணி தரட்டே?” என்று கேட்டார். வாங்கிக் குடித்தேன். அவருடைய வாழைகளுக்குப் பாய்ந்துகொண்டிருந்த அதே தண்ணீர். தன் மோட்டர் சத்தம்தான் என் கணவரைக் காப்பாற்றியது என்று அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

பின்னேரப் போட்டியில் கணவர் கடைசியாக வந்தார். அதற்கும் அழுதழுது சந்தோஷப்பட்ட ஒரே மனைவி நானாகத்தான் இருப்பேன்.

இப்போதும் எங்காவது கிணற்று மோட்டர் ஓடும் சத்தம் கேட்டால், அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார் என்று தெரிந்தும், ஒருதரம் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.