நான் கவாத்து செய்த பவளம்

என் ஓரகத்தி தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறைகளை ஆராய்பவள். அவள் எங்கள் மலையூரான தலைச்சோலைக்கு வந்துவிட்டால் மாமியாரின் கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேன். பதினைந்து வருடமாகக் காப்பித் தோட்டத்தில் மாடாக உழைப்பவள் நான். வயிறு எரியாதா?

போன முறை எங்கள் ஊர்ப் பள்ளியில் காட்டுவதற்காகக் கம்பியிலும் களிமண்ணிலும் பவளப்பாறை செய்திருந்தாள். சில உருண்டை, சில மான்கொம்பு போலக் கிளைவிட்டவை. கிளைகளில் பாதி வெள்ளை.

“வெள்ளையெல்லாம் செத்த பவளமுங்க அக்கா” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

காப்பிச் செடியில் காய்ந்த கிளையை நாங்கள் விட்டுவைப்பதில்லை; வெட்டிக் கவாத்து செய்துவிடுவோம். கவாத்துக் கத்தரியால் வெள்ளையை எல்லாம் நறுக்கினேன். உதவிதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கத்தரி என்னவோ ஆத்திரத்தோடுதான் வெட்டியது.

திரும்பி வந்தவள் என்னையே பார்த்தாள். கீழே கிடந்த வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவைத்தாள்.

பள்ளியில் எல்லார் முன்னாலும் மாமியார் அவளிடம் கேட்டார்: “ஏன் சாமி, இது மொட்டையா நிக்குது?”

“புயல்ல ஒடிஞ்சதுங்க அத்தை. செத்த கிளையும் நின்னா, சின்ன மீனுங்க அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். அதுங்க பாசிய மேஞ்சாத்தான் புதுப் பவளம் ஒட்டி வளரும். உருண்டைப் பவளத்துல ஒளிய எடமில்லீங்க.”

அந்த மீன்களைப் போல நானும் அவள் சொன்ன புயலுக்குள் ஒளிந்துகொண்டேன். இவ்வளவு பெரிய மனசும் இவளுக்கேதானா என்று அப்போதும் வயிறு எரிந்தது.