போர்வையில் இருந்த நீலத் துண்டு

யுத்தத்தால் துணி கிடைக்காத காலம். வைகை வெள்ளத்தில் குடிசை இழந்தவர்கள் செல்லூர்ச் சாவடியில் இரவெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் என் நாத்தனாரும் பழந்துணிக்காரரிடம் ஒரு மூட்டை வாங்கி, துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வைகள் தைத்தோம். முடித்த ஒன்றின் மேல் என் கைக்குழந்தையைத் தூங்கப் போட்டேன். புழுக்கமான மத்தியானம், ஆனாலும் அவள் கால்கள் சில்லிட்டிருந்தன.

மறுநாள் அந்தப் போர்வையைச் சாவடியில் ஒரு அம்மாளிடம் கொடுத்தேன். அவர் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. போர்வையைத் தடவிய கை ஒரு நீலத் துண்டில் நின்றுவிட்டது.

"இது என் சீலை தாயி. இந்தக் கிழிசலைச் செவப்பு நூல் போட்டு நாந்தான் தச்சேன். அம்மையில செத்த எம் மகள இதுலதான் சுத்தி மயானத்துக்கு அனுப்புனேன்."

மயானத்தில் உருவிய துணியும் அந்த மூட்டையில் கலந்திருக்கிறது! அதன் மேல்தானே என் குழந்தையைத் தூங்கப் போட்டேன்!

"குடுங்கக்கா, எரிச்சிருவோம்" என்றாள் கூட வந்திருந்த நாத்தனார்.

"குளிருது குளிருதுன்னு சொல்லிக்கிட்டே போனா. இப்ப என்னையத் தேடி வந்திருக்கா. தரமாட்டேன்" என்று அதை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடினேன். குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மை முத்து போட்டிருக்கிறதா என்று அவள் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தபடி கிடந்தேன். நல்லவேளை, அது வெறும் காய்ச்சல். இறங்கிவிட்டது.

இப்போதும் தைக்கிறோம். தெரிந்த வீடுகளில் கேட்டு வாங்கிய துணியை மட்டும், அண்டாவில் கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்ட பிறகே வெட்டுகிறோம். கொடுக்கும்போது, அதில் யார் யார் வீட்டுத் துணி இருக்கிறது என்பதையும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.