வெறும் கிரைண்டர் ஓடிய மதியங்கள்

அடுக்களையிலிருந்து கிரைண்டர் சத்தம் வந்தது. மாவாட்டுகிற நேரமே இல்லை அது. தம்பானூரில் எங்கள் இட்லிக் கடையை மதியம் சாத்திவிடுவோம். பஸ் ஸ்டாண்டே வெயிலில் கண்ணயரும். உள்ளே என் மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, தனியாக இருந்தாள். கதவில் உள்தாழ்ப்பாள். மறுநாளும் அப்படியே.

நான் சும்மா விடுகிற ஆளா? எதிரே புதிதாக வந்த தோசைக் கடைக்கு நம் மாவு போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். அந்தத் தோசையை வாங்கித் தின்றும் பார்த்தேன். எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, மாவு தெரியும். அது எங்கள் புளிப்பு இல்லை, வெந்தயமும் கூடுதல். அரிசிச் சாக்கும் குறையவில்லை. ஆனாலும் சந்தேகம் அடங்கவில்லை.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் மதினிக்கு மூளையில் வைத்தியம் நடந்திருந்தது. நாடி துடிக்கிற தாளத்துக்குக் காதுக்குள் ‘உஸ் உஸ்’ என்று ஓயாத இரைச்சல். இரத்தம் கொண்டுபோகிற குழாயும் திரும்பிவருகிற குழாயும் நடுவழியில் முறைதவறி ஒட்டிக்கொண்டனவாம். விட்டால் தலைக்குள் வெடிக்கலாம் என்றார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, பசைபோல ஒரு மருந்தை ஊற்றி அடைத்தார்கள். சத்தம் நின்றது. தொடை எங்கே, தலை எங்கே! இன்றும் எனக்கு அது மாயம்தான்.

ஒருநாள் பின்வாசல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கிரைண்டரில் மாவில்லை, அடியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும். மதினி அதன் பக்கம் காதைச் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன மதினி, கல்லையா ஆட்டுதிய?”

திடுக்கிட்டு விழித்தாள். “மெல்லப் பேசுட்டி. இது ஓடினாத்தான் அது கேக்கல்ல.”

“எது?”

காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். “திரும்பி வந்துட்டு. இன்னொரு மட்டம் அந்த ஆசுபத்திரிக் கட்டில்ல படுக்க என்னால வய்யா. ஒங்க அண்ணன்ட்ட சொல்லாத, கேட்டியா.”

“நீங்க மாவு விக்கியன்னுல்லா நெனச்சேன்!”

“அட பாவி, அதுக்கா அந்தக் கடைத் தோசைய வாங்கித் தின்ன?”

அன்றைக்கே ஆட்டோ பிடித்து இழுத்துப் போனேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவள் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடமும் தந்தார். அவள் ஒளித்து வைத்திருந்த இரைச்சல் என் காதிலும் அடித்தது.

“நம்ம அடச்ச எடத்துக்குப் பக்கத்துல வேற வழி தொறந்திருக்கு, அம்மா,” என்றார் டாக்டர். “இப்ப வந்தது நல்லதாப் போச்சு.”

மறுபடியும் அடைத்தார்கள். அண்ணன் அழுதார், மதினி அழவில்லை.

இப்போதெல்லாம் அவள் “ஒண்ணும் இல்ல” என்றால் நான் நம்புவதில்லை. மதியம் கடை சாத்தியதும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

“நெசமாவே ஒரு சத்தமும் கேக்கல்லியா மதினி?”

“கேக்குது. ஒன் தொணதொணப்பு. அதை அடைக்க அந்த டாக்டர்ட்ட ஏதாச்சும் உண்டான்னு கேட்டுச் சொல்லு.”