இரண்டாவது பிரேக்

அவள் எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனால், வளைவில் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறாரோ இல்லையோ, இவள் தன் இருக்கைக்கு அடியில் ஒரு மிதி மிதித்துவிடுவாள். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன் வரிசைக்காரர் திரும்பி முறைப்பார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினோரு வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சம்பாதித்த வியாதி அது. பயிற்சி வண்டியில் ஓட்டிப் பழகுகிறவருக்கு ஒரு பிரேக், சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு பிரேக். ஊரில் பாதிப் பேர் கை கால் முழுசாக நடமாடுவது அந்த இரண்டாவது பிரேக்கின் புண்ணியத்தில்தான் என்று சத்தியம் செய்ய அவளிடம் படித்தவர்கள் தயாராக இருக்கிறார்கள். 'பிரேக் டீச்சர்' என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான்.

டீச்சர் யாரையும் திட்ட மாட்டாள். லாரியைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர்கள், இடது என்றால் வலது பக்கம் ஒடிக்கிறவர்கள், குப்பைத்தொட்டியை உரசிவிட்டு அதனிடமே 'சாரி' சொல்கிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. நிலைமை கைமீறினால் "என் தங்கமே" என்பாள், அவ்வளவுதான். ஆனால் டீச்சர் 'தங்கமே' என்றால் உயிர் ஊசலாடுகிறது என்று அவளிடம் படித்த எல்லாருக்கும் தெரியும்.

அவள் கையில் தேறாத ஒரே மாணவன் அவளுடைய கணவன். இரண்டு முறை டெஸ்டுக்குப் போய் இரண்டு முறையும் கோட்டை விட்டவன். ரோட்டைப் பார் என்றால் டீச்சரைப் பார்த்தான், பிறகு எங்கே தேறுவது! மூன்றாவது முறை லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதற்குப் பதில் டீச்சரிடமே கல்யாணத்துக்கு விண்ணப்பித்தான், அதில் பாஸ். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் சண்டை வந்தாலும் அதையேதான் சொல்வான். கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் நடுவில் 'நீங்க' போய் 'நீ' வந்தது. 'டீச்சர்' மட்டும் போகவில்லை.

பொடிசு பிறந்தபோது மூன்று மாதம் லீவு என்று சொல்லித்தான் வீட்டில் இருந்தாள். மூன்று ஆறாகி, ஆறு பன்னிரண்டாகி, பொடிசுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. அவளாக, ஆசைப்பட்டுத்தான் இருந்தாள். மத்தியானம் வயிறு நிறைந்ததும் பொடிசு அம்மாவின் கையைத் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்கும். கை மரத்துப்போகும், ஆனாலும் உருவ மனம் வராது. விழித்ததும் கட்டில்தான் கார், எவர்சில்வர் தட்டுதான் ஸ்டீயரிங். இந்த ஜென்மத்தில் இதைவிட நல்ல பயணி தனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அதே சமயம், இரண்டாவது மாடி ஜன்னலுக்குக் கீழே எல் போர்டு மாட்டிய வண்டி ஒன்று விக்கி விக்கிப் போனால், அவள் வாய் தானாக "கிளட்ச், கிளட்ச்" என்று முணுமுணுக்கும். இங்கே அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும். நடுங்கிக்கொண்டு வந்த ஒருத்தி முதல்முறையாக அலுங்காமல் கியர் மாற்றிவிட்டு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரிப்பாளே, அந்தச் சிரிப்புக்காக டீச்சருக்கு ஏக்கமாக இருந்தது. வேலை மேலும் ஆசை, பிள்ளை மேலும் ஆசை. ஒன்றை வாய்விட்டுச் சொன்னால் மற்றதற்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்ததால் இரண்டையுமே சொல்லாமல் வைத்திருந்தாள்.

பயிற்சிப் பள்ளி முதலாளி மாதம் ஒரு தடவை போன் செய்வார். ஒரு மாணவன் வண்டியைச் சுவரில் ஏற்றிய நாளிலிருந்து பக்கத்து இருக்கையில் உட்காரவே பயப்படுகிற மனிதர். பிள்ளை நலம் விசாரித்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வைப்பார். இந்த மாதம் பெருமூச்சு இல்லை, கெடுதான் இருந்தது.

"பதினோரு லேடீஸ் சேர்ந்திருக்காங்க டீச்சர். லேடி டீச்சர் இருந்தாத்தான் வருவோம்னு சொல்றாங்க. நானும் மூணு வருஷம் பொறுத்துட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன், அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

சேதி வீட்டைத் தாண்டியதும் ஆளுக்கொரு நியாயம் கிளம்பியது. தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கும் அக்கா, "இப்ப விட்டா விட்டதுதான்டி. எழுந்து போன இடத்துல இன்னொருத்தி உக்காந்துட்டா, அப்புறம் நீ நின்னுக்கிட்டேதான் இருக்கணும்" என்றாள். மூன்று பிள்ளைகளை வீட்டோடு இருந்து வளர்த்த அண்ணி, "கார் எப்ப வேணா ஓட்டலாம். இவளுக்கு மூணு வயசு இன்னொரு தடவை வருமா?" என்றாள். அக்கா பேசும்போது அக்கா சொல்வது சரி, அண்ணி பேசும்போது அண்ணி சொல்வது சரி. டீச்சருக்குத் தலை சுற்றியது.

கணவனிடம் கேட்டால் அவன், "உன் இஷ்டம் டீச்சர்" என்றான். கேட்க எவ்வளவு இனிமையான வார்த்தை! அதைவிடப் பாரமான வார்த்தை தமிழில் கிடையாது. போனால் போனவள் நீ, இருந்தால் இருந்தவள் நீ, நாளைக்கு எது கெட்டாலும் கெடுத்தவள் நீ என்று மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தலையில் ஏற்றிவிடும். அவன் அப்படி நினைத்துச் சொல்கிற ஆள் இல்லை, உண்மையான அன்பில்தான் சொன்னான். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

சனிக்கிழமை விடிந்தும் முடிவு வரவில்லை. காலை ஏழு மணிக்கு முதலாளிதான் மறுபடி கூப்பிட்டார். திங்கட்கிழமை டெஸ்டுக்குப் போகவேண்டிய தையல்காரம்மா, ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவர், அழாத குறையாக நிற்கிறாராம். ஒரே ஒரு மணி நேரம் வந்து பார்க்க முடியுமா? கணவனுக்கு அன்று விடுமுறை. "நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்றான். அவன் இதுவரை பொடிசோடு தனியாக அரை மணிக்கு மேல் இருந்ததில்லை. டீச்சர் ஒரு தாளில் பதினாலு கட்டளைகள் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டுக் கிளம்பினாள். பதினாலாவது: 'எது நடந்தாலும் எனக்குப் போன் செய்.'

தையல்காரம்மாவுக்கு நல்ல கை. ஸ்டீயரிங் பிடித்த விதத்திலேயே அது தெரிந்தது. ஆனால் பிரேக் போடவேண்டிய இடம் வரும்போதெல்லாம் அவர் கண் டீச்சரின் காலுக்குப் போயிற்று. டீச்சரின் கால் அசைந்தால்தான் அவர் கால் அசையும். டீச்சருக்குப் பார்த்ததும் நோய் புரிந்தது. டெஸ்ட் எடுக்கும் அதிகாரி பிரேக்கைத் தொட்டால் ஃபெயில், தொடாவிட்டால் இந்த அம்மா எதிலாவது மோதுவார். இதற்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. காலி மைதானத்துக்கு வண்டியை விடச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயோ டீச்சர், காலைக் கீழ போடுங்க!"

"மாட்டேன். எதிர்ல கம்பம் வருது பாருங்க."

"டீச்சர்!"

"கம்பத்தைப் பாருங்கம்மா, என் காலை ஏன் பாக்கறீங்க?"

வண்டி கம்பத்துக்கு நாலு முழம் முன்னால் நின்றது. தையல்காரம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, "நானா போட்டேன்?" என்றார். அடுத்த அரை மணியில் மைதானத்தை ஆறு சுற்று சுற்றினார், டீச்சர் கீழே இறங்கி மரத்தடியில் நின்று பார்த்தாள். மூன்று வருஷமாக மனசுக்குள் அமுக்கி வைத்திருந்த சந்தோஷம் வெளியே வந்துவிட்டது. இது எனக்கு வேண்டும் என்று அவள் தனக்குத்தானே, கொஞ்சம் வெட்கத்தோடு, சொல்லிக்கொண்டாள்.

திரும்பும்போது வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பூங்காவில் அவர்கள் இருப்பதைப் பார்த்து பூங்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். பொடிசு சறுக்குமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. பின்னால் இரண்டு பிள்ளைகள் பொறுமை இழந்து நின்றன. பொடிசு சறுக்கவில்லை. குனிந்து, கீழே நின்ற அப்பாவின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா பாக்கறே? வா!"

"நீ டப்பு பண்ணுவியா?"

"என்ன டப்பு?"

"அம்மா காலு டப்புன்னா வேணாம். டப்பு இல்லைன்னா போலாம். நீ என்ன?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் நின்றவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சூடான பாத்திரம், மாடிப்படி, மேஜை முனை என்று எது பக்கத்தில் வந்தாலும் அவளுடைய வலது கால் தரையைத் தட்டியிருக்கிறது. பொடிசு ஊரையும் உலகத்தையும் அந்தக் காலைப் பார்த்தே படித்திருக்கிறது. டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, உறுத்தவும் செய்தது. தப்பு என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கால் மட்டும் இல்லாமல் இருந்தால் பொடிசின் நெற்றியில் இந்நேரம் நாலு தையலாவது இருந்திருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"எனக்கு டப்பெல்லாம் தெரியாதுடா கண்ணு. உனக்கு வரணும்னு தோணினா வா, இல்லைன்னா படியில இறங்கி வா. நான் இங்கதான் இருக்கேன்."

பொடிசு யோசித்தது. பின்னாலிருந்த பையன் "சீக்கிரம்" என்றான். பொடிசு அவனைத் திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு, கையை விட்டுச் சறுக்கி, மணலில் பொத்தென்று உட்கார்ந்தது. அழலாமா வேண்டாமா என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தது. அவன் முகத்தில் பயம் இல்லை, வியப்புதான் இருந்தது. பொடிசு மணலைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏணிக்கு ஓடியது. டீச்சர் நின்ற இடத்தில் மண்ணில் வலது கால் அரை அங்குலம் புதைந்திருந்தது.

பெஞ்சில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தையல்காரம்மாவின் கதையைச் சொன்னாள், அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு, "அஞ்சு மணிக்குள்ள அவருக்குச் சொல்லணும்" என்றாள்.

"உன் இஷ்டம் டீச்சர்."

இவ்வளவு நாள் பிடித்துவைத்த மூச்சை அவள் அங்கே விட்டுவிட்டாள். "இன்னொரு தடவை அப்படிச் சொன்னே, நான் எழுந்து போயிடுவேன். என் இஷ்டம், என் இஷ்டம்! உனக்குன்னு ஒரு இஷ்டம் கிடையாதா? நீ என்ன நினைக்கறே, அதைச் சொல்லு!"

அவன் சறுக்குமரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னை யாரும் கேட்டதில்லையே" என்றான்.

"எதை?"

"வேலையா வீடான்னு. உன்னை ஊரே கேக்குது. உங்க அக்கா கேக்கறாங்க, அண்ணி கேக்கறாங்க, லிஃப்டுல வர்ற ஆளுகூடக் கேக்குது. என்னை ஒருத்தர் கேக்கலை. இவ பொறந்த பத்தாம் நாள் நான் வேலைக்குப் போயிட்டேன். போகணும்னு நான் முடிவு பண்ணலை, போகாம இருக்கலாம்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. இன்னைக்குக் காலையில இவ என் கையைத் தலைக்கு வெச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் படுத்திருந்தா. மூணு வருஷத்துல முதல் தடவை." நிறுத்தினான். "எனக்கும் இவகூட இருக்கணும்னு ஆசைதான். நீ ஒருத்தியே செமையா பாத்துக்கறே. நான் நடுவுல வந்து என்ன கெடுக்கறதுன்னு இருந்துட்டேன்."

ஊர் கேட்காதது இருக்கட்டும், அவளே கேட்கவில்லை. இது தன் ஒருத்தியின் கணக்கு என்று மூன்று வருஷம் ஒற்றையாளாகப் புழுங்கியிருக்கிறாள். அவனுக்குக் கொடுத்ததெல்லாம் பதினாலு கட்டளைதான். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியான ஷிப்டு கேட்டா குடுப்பாங்களா?"

"எல்லாரும் காலை ஷிப்டுக்குத்தான் அடிச்சுக்கறாங்க. மத்தியானம்னா கையெடுத்துக் கும்பிட்டுக் குடுப்பாங்க. ஒரு மணிவரைக்கும் நான் இருப்பேன். அதுக்குள்ள நீ வந்துடணும்."

"அந்தப் பதினாலையும் பண்ணுவியா?"

"பாதி பண்ணுவேன். மீதியை நானும் இவளும் பேசி முடிவு பண்ணிக்கறோம்."

அவள் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை முதல் வருவதாகவும், காலை மட்டும்தான், பன்னிரண்டரைக்குமேல் ஒரு நிமிஷம் இருக்க முடியாது என்றும் சொன்னாள். முதலாளி பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார். சந்தோஷத்தில் குரலே மாறிவிட்டது. பிறகு எல்லாரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்.

"ஆமா டீச்சர், பிள்ளையை யாரு பாத்துக்குவா?"

"அதை அவரையே கேளுங்க" என்று போனைக் கணவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். என்ன நினைத்தானோ, பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டான். அந்தப் பக்கம் முதலாளி அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது டீச்சருக்கும் கேட்டது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நான்தான் சார்" என்றான். "நான் அவளோட அப்பா."