கதிரும் அந்தச் சத்து மாத்திரை பாட்டிலும்

கதிர் போய்விட்டான்.

நேற்று மத்தியானம் பெருந்துறை பைபாஸில் செருப்புகூட இல்லாமல் நடந்து போயிருக்கிறான். யாரோடோ பேசிக்கொண்டே ரோட்டுக்கு நடுவில் இறங்கியிருக்கிறான். லாரிக்காரர் பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை.

வாட்ஸ்அப்பில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. 'எங்கள் குலவிளக்கே' என்று போட்டிருந்தது. கதிர் படத்தைவிட அவன் பெரியப்பா படம் பெரிது... வெள்ளைச் சட்டை, கைகூப்பு, நல்ல சிரிப்பு.

கோயமுத்தூரில் எங்கள் மோட்டார் கம்பெனி டெஸ்பாட்ச் செக்‌ஷனில் கதிர் என்னோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்தான். அவனுக்கு ஸ்கிசோஃப்ரினியா. சேர்ந்த முதல் வாரமே அவன் வாயாலேயே சொன்னான்.

"அக்கா, எனக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்குமுங்க. மாத்திரை போட்டா அடங்கிக்கும். பயந்துக்காதீங்க."

பயப்படவில்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கே கத்தரிக்கோலை டிராயரில் வைத்துப் பூட்டியவள் நான். என் யோக்கியதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பழகிவிட்டது. சந்தேகம் வந்தால் பேக்கிங் டேபிளிலிருந்து திரும்பிப் பார்ப்பான். "அக்கா, யாராச்சும் கூப்பிடறாங்களா?" "எனக்குக் கேக்கல கதிரு." தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெட்டிக்கு டேப் ஒட்டப் போய்விடுவான்.

ஒரு நாள் ஒட்டி முடித்த பெட்டிக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம். யாரோ செல்போனையும் சேர்த்து பேக் பண்ணிவிட்டார்கள். "எனக்கும் கேக்குதுடா" என்றேன்... தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

ஆபீஸில் நன்றாகத்தான் இருந்தான். வீடுதான் பிரச்சினை.

டாக்டர் ஒரு தடவை அவன் அம்மாவையும் பெரியப்பாவையும் உட்கார வைத்துச் சொன்னாராம். மாத்திரையை நிறுத்தக் கூடாது, குத்திக்காட்டிப் பேசக் கூடாது, இரண்டில் எதைச் செய்தாலும் வியாதி திரும்பிவிடும் என்று. வெளியே வந்ததும் பெரியப்பா கேட்டாராம், "குத்திக்காட்டாம பின்ன என்னத்தைங்க பேசறது?"

நிஜமான சந்தேகம், பாவம். வேறு பேச்சு அவருக்குத் தெரியாது.

நம் ஊரில் மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. "லூசுங்க" என்று சொல்லும்போதும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் சொல்வோம். விசேஷ வீட்டில் பத்துப் பேருக்கு முன்னால் பெரியப்பா "எங்க தம்பி ஊட்டுப் பையனுங்க, மாத்திரையிலதான் ஓடறானுங்க" என்று சிரிப்பார். அந்தத் திங்கட்கிழமை கதிர் வேலைக்கு வர மாட்டான்.

அப்புறம் அந்தப் பெரிய மனிதர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும்.

பெண் வீட்டாரிடம் வியாதியைப் பற்றி மூச்சு விடவில்லை. கதிரிடம் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். மாத்திரையை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, சத்து மாத்திரை பாட்டிலில் போட்டு வைத்தார்கள். லேபிளில் ஆரஞ்சுப் பழம் படம் வேறு.

கதிர் அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னான். நானும் சிரித்தேன். கல்யாணத்துக்குப் போனேன், பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கினேன், பெண்ணுக்குக் கை கொடுத்துவிட்டு வந்தேன். பேர் நித்யா. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் நித்யா அந்தப் பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். சத்து மாத்திரை உடம்புக்குச் சூடாம். பதிலுக்கு முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்தாள். பிரியமாகத்தான் செய்தாள். மாமியார் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடுமே.

"வேற வாங்கிக்கோ, என் டிராயர்ல வெச்சுக்கறேன்" என்றேன். பத்து நாள் ஒழுங்காக வந்து வாங்கிப் போட்டான். அப்புறம் பெரியப்பா போன் பண்ணினார். "கதிரு இனி வேலைக்கு வரமாட்டானுங்க. ஊட்டோட இருக்கட்டுமுங்க."

சத்தம் திரும்ப வந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஆனைமலை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய், கெடுத்தவனைத் தண்டிக்கச் சொல்லி மிளகாய் அரைத்தார்கள். கெடுத்தவனைத் தேடி எங்கும் போக வேண்டியிருந்திருக்காது அந்த அம்மனுக்கு... பெரியப்பா பக்கத்திலேயே நின்று அரைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குக் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். பெரியப்பா பந்தலில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம், "அந்தப் புள்ள வந்த நேரம் செரியில்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நித்யா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, கூட வேல பாத்தீங்கல்ல... அந்தப் பாட்டில்ல என்னதானுங்க இருந்துச்சு?"

சொன்னேன். பந்தலுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஏனுங்கம்மணி, எழவு ஊட்டுல பேசற பேச்சுங்களா இது?" என்றார் பெரியப்பா. அப்போதும் 'ங்க' விடவில்லை.

நித்யா கையை விட்டுவிட்டாள். "கல்யாணத்துக்கு வந்தீங்களேக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கதிரு... டேபிளிலிருந்து திரும்பிப் பார்த்துக் கேட்பாயே.

யாரும் கூப்பிடலடா. நிம்மதியாப் போ.